மேட் இன் இந்தோனேசியா, மேட் இன் யுஎஸ்ஏ: இரண்டு கிட்டார்களைப் பிரித்து வேலை பார்த்த குறிப்புகள்

கிட்டார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மரத்தைப் பற்றியோ பிக்கப்பைப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பற்றியோ இருக்காது. "எந்த நாட்டுல செஞ்சது?" என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கா என்றால் நல்லது, ஜப்பான் என்றால் நல்லது, இந்தோனேசியா, சீனா என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று ஒரு வரிசை எல்லோர் மனதிலும் இருக்கிறது. இதற்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை மேசை மேல் பதில் கிடைத்தது, அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரே சமயத்தில் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் வேலைக்கு வந்தன. இரண்டும் அந்தப் பழகிய ஒரே வடிவம்: மேலே இரண்டு கொம்பு, மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ட்ரெமோலோ பிரிட்ஜ் (அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுரம் வளையும்), போல்ட் போட்டு மாட்டிய நெக். ஒன்று இந்தோனேசியாவில் செய்தது. கல்லூரியில் படிக்கும் பக்கத்துத் தெருத் தம்பியுடையது. மற்றது அமெரிக்காவில் செய்தது. அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கடற்கரைப் பக்கம் குடியிருக்கும் ஒரு நண்பருடையது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிராண்டு பெயர்களை எழுதப் போவதில்லை. ஒரு கிட்டாரை வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது நியாயமில்லை.

எதையும் திருகுவதற்கு முன்னால் அளந்துவிடுவது என் வழக்கம். இரண்டிலும் பழைய கம்பிகளைக் கழற்றி, ஒரே பாக்கெட் வகை 9-42 தடிமன் கம்பிகளைப் போட்டு, ட்யூன் செய்துவிட்டு அளந்தேன். ஃப்ரெட் என்பது நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல், நடுவில் எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஃபில்லர் கேஜ். இடைவெளி அளக்க பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே மெல்லிய தகடுகள்தான்.

இந்தோனேசியக் கிட்டாரில் நெக் வளைவு 0.5 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் தடித்த கம்பிக்கு 2.6, மெல்லிய கம்பிக்கு 2.2. முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.9. இது ரொம்ப அதிகம். தம்பி எஃப் பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிப்பது) பிடிக்க முடியாமல் திணறியதற்குக் காரணம் அவன் விரல் இல்லை, இந்த 0.9 தான். அமெரிக்கக் கிட்டாரில் வளைவு 0.3, கம்பி உயரம் 1.7-ம் 1.5-ம், முதல் ஃப்ரெட்டில் 0.55. காகிதத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஒழுங்கான கிட்டார். ஆனால் நண்பர் அதைக் கொண்டுவந்ததே இரண்டு குறைகளோடுதான்: ஜி கம்பி ட்யூனில் நிற்பதில்லை, 14-ஆவது ஃப்ரெட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் கம்பி நொறநொறவென்று உரசுகிறது.

ட்ரஸ் ராடிலிருந்து தொடங்கினேன். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி அது. இறுக்கினால் நெக் நேராகும், தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். ஒரே மூச்சில் திருகக் கூடாது. கால் சுற்று, திரும்ப ட்யூன், திரும்ப அளவு. இந்தோனேசியக் கிட்டாரின் ராட் வெண்ணெய் மாதிரி திரும்பியது. அமெரிக்கக் கிட்டாரிலும் அப்படியே. இதில் இரண்டுக்கும் வித்தியாசம் துளியும் இல்லை. மனதுக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் ராட் இறுகிப்போன கிட்டாருக்கு மேசையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. நெக்கை ஹெட்ஸ்டாக் (ட்யூன் செய்யும் திருகுகள் உள்ள தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முறுக்கு எதுவும் இல்லை, இரண்டிலுமே.

திருகிய பிறகு மரம் அமர ஒரு ராத்திரி விட வேண்டும். அதற்குள் அந்த நாட்டு வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1960-களில் ஜப்பான் கிட்டார் என்றால் மலிவுச் சரக்கு என்றுதான் அமெரிக்காவில் பேச்சு. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குப் போட்டது. மட்டமான சரக்கை யாரும் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்க மாட்டார்கள். 1982-ல் ஃபெண்டரே ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கி, நாகானோ மாகாணத்து மாட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிஜென் ஆலையில் தன் கிட்டார்களைச் செய்யக் கொடுத்தது. அந்த முதல் சில வருடங்களில் ஜேவி என்று தொடங்கும் எண்ணோடு வந்த கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் தேடி அலைகிறார்கள். அதே ஃபெண்டர், 1965 முதல் 1985 வரை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில், சொந்த ஊரான கலிஃபோர்னியாவில் செய்த கிட்டார்களுக்கு, முக்கியமாக எழுபதுகளின் பிற்பகுதியில் வந்தவற்றுக்கு, நெக் பொருத்தும் இடத்தில் இடைவெளி, எடை அதிகம் என்று நிறையக் குறை சொன்னார்கள். ஒரே பெயர், ஒரே வடிவம். அந்தக் குறிப்பிட்ட வருடங்களில் வரிசை தலைகீழாக இருந்தது.

அப்புறம் 1985-ல், டாலர் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்த பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது, ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பது கட்டுப்படியாகவில்லை. மலிவு மாடல்கள் கொரியாவுக்குப் போயின. அங்கே கூலி உயர்ந்ததும் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போயின. கொரியாவின் கோர்ட் (Cort) நிறுவனம் பல பிராண்டுகளுக்குக் கிட்டார் செய்து கொடுக்கும் பெரிய ஆலைக்காரர். 2007-ல் கொரிய ஆலைகளை மூடி உற்பத்தியை வெளிநாட்டு ஆலைகளிலேயே வைத்துக்கொண்டார்கள். வேலை இழந்த தொழிலாளர்களின் போராட்டம் 2019-ல் உடன்பாடு வரும்வரை நீண்டது. பல வருடம் ஃப்ரெட் அடித்துப் பழகிய கைகள் அவை. ஒரு கிட்டாரின் பின்னால் எழுதியிருக்கும் நாட்டின் பெயர் மாறுவதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு. அதை நினைக்காமல் "கொரியன் பீஸ் நல்லா இருந்துச்சு, இப்ப இந்தோனேசியா ஆயிடுச்சு" என்று பேசிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, மறுநாள் வேலைக்கு வருவோம்.

ஃப்ரெட் ராக்கர் என்று ஒரு சின்ன இரும்புத் தகடு. ஓரம் துல்லியமாக நேராக இருக்கும். மூன்று ஃப்ரெட்களின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால், நடுவில் உள்ளது உயரமாக இருக்கும்போது டக் டக்கென்று ஆடும். இந்தோனேசியக் கிட்டாரில் 7, 12, 15 ஆகிய ஃப்ரெட்களில் ஆடியது. அமெரிக்கக் கிட்டாரில் ஒரே ஒரு இடம், 14. அதை விரல் நகத்தால் அழுத்தினால் கீழே போய்த் திரும்ப மேலே வந்தது. மரத்தில் வெட்டிய காடியிலிருந்து ஃப்ரெட் ஒரு பக்கம் எழும்பியிருக்கிறது. அதைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நாளைக்கு அது உட்காரும்போது பள்ளமாகிவிடும். மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசி முனையால் காடிக்குள் ஓடவிட்டு, மேலே மரக்கட்டை வைத்து சி-கிளாம்பால் அழுத்தி விட்டேன். அதோடு அந்த உரசல் போய்விட்டது. அந்த கிட்டாருக்கு வேறு லெவலிங் தேவைப்படவில்லை.

தம்பியின் கிட்டாருக்கு முழு லெவலிங். நெக்கை ட்ரஸ் ராடால் கம்பி இல்லாமல் நேராக்கி, ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட்கள் பதித்த மேல் பலகை) முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, ஃப்ரெட்களின் தலையில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டேன். அலுமினியப் பாக்ஸ் பைப் ஒன்றைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து நேர் பார்த்து, அதன் அடியில் 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை நெக்கின் நீளவாக்கில், எடை கொடுக்காமல், பைப்பின் சொந்த எடையிலேயே ஓட்ட வேண்டும். முதலில் 7, 12, 15-ல் மார்க்கர் அழிந்து வெள்ளிக் கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியதும் மற்றவற்றிலும். கடைசியாக 2-ஆவது ஃப்ரெட்டில் கறுப்பு மறைந்த உடனே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஓட்டுவது ஃப்ரெட்டின் ஆயுளைத் தின்பது. தட்டையான தலைகளை கிரவுனிங் அரத்தால் திரும்ப உருட்டி, 600, 1000, 2000 என்று உப்புத்தாள் மாற்றிக்கொண்டே போய், முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு ஏற்றினேன்.

ஆனால் இந்தக் கிட்டாரில் நேரத்தைத் தின்றது ஃப்ரெட்களின் தலை இல்லை, முனைகள். நெக்கின் ஓரமாகக் கையை மேலிருந்து கீழே இழுத்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் தோலைக் கிழிக்கப் பார்க்கிறது. தம்பி ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். ஈரம் குறைந்தால் ஃபிங்கர்போர்டு மரம் அகலவாக்கில் சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் முனைகள் வெளியே துருத்தும். அமெரிக்கக் கிட்டாரிலும் 17-க்கு மேலே லேசாகத் தட்டுப்பட்டது. ஆனால் அதில் ஃபிங்கர்போர்டின் ஓர விளிம்பை ஆலையிலேயே உருட்டி, ஒவ்வொரு ஃப்ரெட் முனையையும் தனித்தனியாக மழுக்கியிருந்தார்கள். அதனால் துருத்தியும் குத்தவில்லை. தம்பியின் கிட்டாரில் எல்லா முனைகளையும் ஒரே சாய்வில் ஒரே இழுப்பில் தேய்த்து, அப்படியே விட்டிருந்தார்கள்.

சின்ன அரத்தின் ஒரு பக்க விளிம்பைப் பல் இல்லாமல் வழுவழுப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், மரத்தில் பட்டால் கீறாமல் இருக்க. ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூலை. ஒவ்வொரு மூலைக்கும் மூன்று நான்கு இழுப்பு, சுழற்றியபடி. பிறகு உப்புத்தாளை விரலில் சுற்றி ஒரு தடவு. 22 ஃப்ரெட், இரண்டு பக்கம், ஆக 88 மூலைகள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஃப்ரெட்களை லெவல் செய்ய பெர்லினில் உருவான பிளெக் என்ற இயந்திரம் இருக்கிறது, கிப்சன் போன்ற ஆலைகள் பயன்படுத்துகின்றன. முனைகளைக் கையில் உறுத்தாமல் உருட்டுவது பெரும்பாலும் இன்னும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

இந்த வேலையைச் செய்யும்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. ஆலையில் உடலையும் நெக்கையும் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் இயந்திரம் வெட்டுகிறது. இந்தோனேசியாவில் ஓடினாலும் கலிஃபோர்னியாவில் ஓடினாலும் அது ஒரே கோட்டில்தான் வெட்டும். இந்த இரண்டிலும் நெக் உட்காரும் குழியில் ஒரு விசிட்டிங் கார்டு கூட நுழையவில்லை. வித்தியாசம் வருவது கடைசியில், மனிதக் கை படும் இடங்களில். அந்தக் கைக்கு எத்தனை நிமிடம் என்று விலைப்பட்டியல் தீர்மானிக்கிறது. விலையைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஆலை இருக்கும் நாட்டில் கூட இல்லை. இந்தோனேசியாவில் அதே கோர்ட் நிறுவனத்தின் சுரபாயா ஆலையில்தான் அமெரிக்க பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசையும் செய்கிறார்கள். அந்த விலையில் அதே ஊர்க் கைகள் முனைகளை அழகாக உருட்டித்தான் அனுப்புகின்றன.

நட்டுக்கு வந்தேன். நெக்கின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும், காடி வெட்டிய சின்னக் கட்டை அது. தம்பியின் கிட்டாரில் உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் நட். காடிகளை ஆழமாக வெட்டியிருந்தால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். உயரமாக விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வாசிப்பவருக்கு விரல் வலிக்கும், அவ்வளவுதான். அதனால் மலிவான கிட்டார்களில் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு எலும்பு நட் போட்டேன். எலும்புத் துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் காடிக்குள் விரல் அழுத்தத்தில் இறுகி உட்காரும் வரை கொண்டுவர வேண்டும். நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கம்பிக் காடிகள் வெட்ட நட் அரம் தொகுதி விலை அதிகம். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் வெல்டிங் டார்ச் முனை சுத்தம் செய்யும் கம்பிகள் கிடைக்கும், பல தடிமன்களில். மெல்லிய கம்பிகளின் காடிக்கு அவையே போதும். முதல் ஃப்ரெட்டில் 0.45-க்குக் கொண்டுவந்தேன்.

அமெரிக்கக் கிட்டாரின் ஜி கம்பிப் பிரச்சினையும் நட்டில்தான். காடி கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. வளைத்து விட்டால் டிங் என்று சத்தம். இரண்டு இழுப்பு அரம், பென்சில் கரி கொஞ்சம், முடிந்தது. அவ்வளவு விலை கொடுத்த கிட்டாரில் இதைச் செய்ய ஆலையில் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அன்றைக்கு அங்கே கிடைக்கவில்லை.

பிக்கார்டை, அதாவது முன்பக்கத் தகட்டைத் திறந்ததும் அடுத்த வித்தியாசம். அமெரிக்கக் கிட்டாரில் பிக்கப்புக்கு ஆறு ஆல்நிக்கோ காந்தத் தண்டுகள், முழு அளவு பொட்டென்ஷியோமீட்டர்கள் (ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் பாகம், சுருக்கமாகப் பொட்), உலோகச் சட்டகம் தெரியும் திறந்த ஸ்விட்ச். தம்பியின் கிட்டாரில் பிக்கப்புக்கு அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டை, மேலே வெறும் இரும்புத் துண்டுகள், சின்னப் பொட்டென்ஷியோமீட்டர், பிளாஸ்டிக் பெட்டி ஸ்விட்ச். 250 கிலோ ஓம் என்று எழுதிய வால்யூம் பொட்டை மல்டிமீட்டரில் பார்த்தால் 218 காட்டியது. ஓசையில் அது கொஞ்சம் மந்தமாகத் தெரியும். அமெரிக்கக் கிட்டாரின் பொட் 246. அதைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் தைவான் என்று அடித்திருந்தது.

மரத்திலும் அப்படித்தான். தம்பியின் கிட்டாரின் ஃபிங்கர்போர்டு இந்தியன் லாரல், நம்ம ஊர்க் கருமருது. 2017-ல் ரோஸ்வுட் இனங்கள் முழுவதும் சைட்டிஸ் என்ற அருகிவரும் உயிரினங்களின் வர்த்தக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பல கம்பெனிகள் இதற்கு மாறின. நண்பருடையது ரோஸ்வுட், அதாவது ஈட்டி. பிரேசில் தன் ரோஸ்வுட் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, 1969 வாக்கிலிருந்து பென்சில்வேனியாவில் மார்ட்டின் செய்யும் டி-28 கிட்டார்களுக்கே இந்திய ஈட்டிதான் போகிறது. ஆக இந்த இரண்டு கிட்டார்களிலும் விரல் படுவது நம் நாட்டில் வளரும் இனத்து மரம்தான்.

வேலை முடிந்து திரும்ப அளந்தேன். தம்பியின் கிட்டார்: வளைவு 0.2, கம்பி உயரம் 1.7-ம் 1.4-ம், எந்த ஃப்ரெட்டிலும் உரசல் இல்லை. நண்பருடையது 1.6-ம் 1.4-ம். கையில் வாசிக்கும் உணர்வில் இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மாறாதவையும் உண்டு. ட்ரெமோலோவை அழுத்தி விட்டால் அமெரிக்கக் கிட்டார் இடத்துக்குத் திரும்பும் நேர்த்தி தம்பியுடையதில் இல்லை. அதன் பிரிட்ஜ் கட்டை எஃகு, இவனுடையது மெல்லிய துத்தநாகக் கலவை. இவனுடைய பிக்கப்பின் உயர் ஓசையில் உறுத்தும் ஒரு கூர்மையும் இருக்கிறது. இதெல்லாம் பணம் போட்டால் மாறும் பாகங்கள். நண்பரின் கிட்டாரில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது பிரிட்ஜ் திருகுகள்தான். கடற்காற்றில் உப்புப் படிந்து நான்கு திருகு துருவில் சிக்கிக்கொண்டன. எங்கே செய்தார்கள் என்பதைவிட எங்கே வைத்திருக்கிறோம் என்பது அந்தக் கிட்டாருக்கு அதிகக் கெடுதல் செய்திருக்கிறது. ஊறவிட்டுக் கழற்றி, துரு பிடிக்காத திருகுகள் போட்டேன்.

எனவே கடையில் கிட்டார் எடுக்கும்போது பின்னால் எழுதியிருப்பதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் நெக்கை நீளவாக்கில் பார்த்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கு இருந்தால் எந்த நாடாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள், அதை மேசையில் சரிசெய்ய முடியாது. ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, இரண்டு ஓரக் கம்பிகளும் ஃபிங்கர்போர்டு விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஃப்ரெட் முனை குத்துகிறது, ஆக்‌ஷன் எனும் கம்பி உயரம், நட் உயரம் என்பதெல்லாம் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் தீரும் விஷயங்கள், அந்தப் பணத்தையும் சேர்த்து விலை கணக்கிடுங்கள்.

இன்னொன்று. சென்னைக்குத் தெற்கே யமஹாவின் ஆலை 2019-ல் உற்பத்தியைத் தொடங்கியது, அங்கே அகூஸ்டிக் கிட்டார்களும் செய்கிறார்கள். "நம்ம ஊர்ல செஞ்சதா, அப்ப வேண்டாம்" என்று ஒருவர் கிட்டாரைத் திருப்பி வைத்ததை ஒரு கடையில் நானே பார்த்தேன். அளந்து கூடப் பார்க்கவில்லை. மாட்சுமோட்டோவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். அந்த ஆலையில் வேலை பார்ப்பவர்களில் பலர் நம் பக்கத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கைப்பட்ட கிட்டாரைக் கையில் எடுத்து, ராக்கரை வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

தம்பி வந்து எஃப் பார் கார்டைப் பிடித்துப் பார்த்தான். ஆறு கம்பியும் சுத்தமாக ஒலித்தது. "அண்ணா, பிக்கப்பையும் மாத்திடலாமா?" என்றான். இப்போது வேண்டாம், முதலில் அந்தப் பொட்டையும் ஸ்விட்சையும் மட்டும் மாற்றுவோம், ஒரு ஆறு மாதம் வாசி, அப்புறமும் அந்தக் கூர்மை உறுத்தினால் ஆல்நிக்கோ செட் வாங்கிக்கொள் என்று சொன்னேன். கிட்டாரை ஏசிக் காற்று நேரே படும் சுவரில் மாட்டக் கூடாது, வாசிக்காத நேரம் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.